தீவை முதலில் முடிவு செய்யுங்கள், ரிசார்ட்டை அப்புறம் பார்க்கலாம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

"நாங்க எந்தத் தீவைக் கண்டோம் டீச்சர்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். ராமேஸ்வரம் போகாத குடும்பம் மாரண்டஹள்ளி, பாலக்கோடு பக்கம் அதிகம் இருக்காது. ராமேஸ்வரம் ஒரு தீவு. பாம்பன் பாலத்தைத் தாண்டியதுமே நாம் தீவுக்குள் வந்துவிடுகிறோம். ஆனால் அங்கே என்ன செய்தோம்? விடியுமுன் அக்னி தீர்த்தத்தில் முங்கி, 22 தீர்த்தத்திலும் வாளித் தண்ணீரைத் தலையில் வாங்கி, ஈரத்தை மாற்றி, சாமி கும்பிட்டு, தனுஷ்கோடியில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வேன் ஏறினோம். கடலோரத்தில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்?

கோயிலுக்குப் போவதைக் குறை சொல்லவில்லை. நானும் போகிறவள்தான். ஆனால் கோயில் யாத்திரை வேறு, ஓய்வு வேறு. இப்போது நம் வயதுக்காரர்கள் பலர் அந்த ஓய்வைத் தேட ஆரம்பித்திருக்கிறார்கள். ஓசூர், பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் "அம்மா, அப்பா, நீங்க ரெண்டு பேரும் ஒரு தீவுக்குப் போய் அஞ்சு நாள் இருந்துட்டு வாங்க" என்கிறார்கள். மாலத்தீவு படங்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. அமெரிக்காவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், தன் பெற்றோருக்காகக் கரீபியன் தீவு ரிசார்ட்டுகள் பத்தின் பட்டியலை எனக்கு அனுப்பி, "இதுல எது டீச்சர் அவங்களுக்கு சரிவரும்?" என்று கேட்டார். பத்துப் படத்திலும் அதே நீலத் தண்ணீர், அதே வெள்ளை மணல், அதே தென்னை மரம்.

அங்கேதான் சிக்கல். நம்முடையது கடல் இல்லாத மாவட்டம். நமக்குத் தெரிந்த தண்ணீர் ஒகேனக்கலும் பஞ்சப்பள்ளி அணையும். கடலைப் படத்தில் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். ஏஜென்ட் ரிசார்ட்டை முதலில் காட்டுவார், விலையை அடுத்துச் சொல்வார், தேதியை நம்மிடம் கேட்பார். வரிசை முழுக்கத் தலைகீழ். யார் போகிறோம், எந்த மாதம், எப்படிப் போய்ச் சேருவது, உடம்புக்கு ஒன்று என்றால் என்ன செய்வது, இந்த நான்கையும் பார்த்துவிட்டு ஐந்தாவதாகத்தான் ரிசார்ட்டுக்கு வர வேண்டும்.

*யார் போகிறோம்?*

பெரியவர்கள் மட்டும் போக வேண்டும் என்பது என் கருத்து. பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் அது அவர்களுடைய சுற்றுலா. அதுவும் நல்லதுதான், அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஜமைக்காவில் மான்டிகோ பே என்ற ஊரில் 1981-ல் சாண்டல்ஸ் என்ற ரிசார்ட்டைத் தொடங்கியவர்கள், தம்பதிகளுக்கு மட்டும்தான் இடம் என்று வைத்தார்கள். சாப்பாடு, தங்குவது எல்லாம் ஒரே கட்டணத்தில். அது இன்று பல தீவுகளில் பரவியிருக்கிறது. 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று சொன்னால் நம் ஊரில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். எனக்கு அதன் அர்த்தம் மிகச் சாதாரணமானது: ஐந்து நாள் யாரும் வந்து "இன்னைக்கு என்ன குழம்பு?" என்று கேட்காமல் இருப்பது. நாற்பது வருடம் பள்ளிக்கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்த பெண்களுக்கு அந்த ஐந்து நாளின் மதிப்பு தெரியும். அடுப்பு வசதியுள்ள ரூமாகப் பார்த்து, அரிசி பருப்பு கட்டிக்கொண்டு போய் அங்கேயும் பொங்கி வடிப்பது விடுமுறை ஆகாது. வீட்டு வேலையை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனதாகத்தான் அர்த்தம்.

'பெரியவர்கள்' என்றால் கணவன் மனைவி என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கணவரை இழந்தவர்கள், கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள் எல்லோரும்தான். போன பிப்ரவரியில் ஓய்வு பெற்ற ஆசிரியைகள் நான்கு பேர் அந்தமான் போய் வந்தோம். அதில் ஒரு அக்காவிடம் அவர் சொந்தத்திலேயே, "இந்த வயசுல, தனியா இருக்கிறவளுக்குக் கடற்கரை எதுக்கு?" என்று கேட்டார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, டிக்கெட்டுக்குப் பணம் கட்டிவிட்டார். 

*எந்த மாதம்?*

இதுதான் முதல் பாடம். ரிசார்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காற்றும் மழையும் அதன் கட்டுப்பாட்டில் இல்லை.

அந்தமானுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மே மாதத்திலிருந்து நவம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் கொட்டும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். அதிலும் பிப்ரவரி, மார்ச்சில் கடல் மிக அமைதி. லட்சத்தீவுக்கு அக்டோபரிலிருந்து மே முதல் வாரம் வரை. மாலத்தீவுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை.

இலங்கை இதில் சுவாரசியமானது. ஒரே தீவுக்கு இரண்டு பருவம். பெந்தோட்டை, காலி போன்ற மேற்கு, தெற்குக் கடற்கரைகளுக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை நல்லது. அங்கே தென்மேற்குக் காற்றில் அலை புரளும் மாதங்களில், எதிர்ப்பக்கம் திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடாவில் கடல் குளம் போல இருக்கும். நம் பள்ளிக்கூட விடுமுறையில் மட்டும்தான் போக முடியும் என்பவர்களுக்கு, அதாவது ஏப்ரல், மே மாதக்காரர்களுக்கு, திருகோணமலைப் பக்கம் பொருத்தம். தமிழிலேயே பேசிக்கொள்ளலாம்.

கரீபியனுக்கும் இதே கணக்குதான். ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே புயல் காலம். அந்த மாதங்களில் ரிசார்ட் விலை இறங்குவதற்குக் காரணமும் அதுதான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு ஒரு ஏஜென்ட் இப்படித்தான் ஆகஸ்ட்டில் அந்தமான் பேக்கேஜை 'பாதி விலை' என்று விற்றார். ஐந்து நாளில் மூன்று நாள் கப்பல் ஓடவில்லை. ரூமில் உட்கார்ந்து டிவி பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அதற்கு மாரண்டஹள்ளியிலேயே இருந்திருக்கலாம்.

*எப்படிப் போய்ச் சேருவது?*

முட்டி வலி உள்ளவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

லட்சத்தீவு மிக அழகு. 36 தீவுகள், அதில் மக்கள் வாழ்வது 10. பவளத்திட்டு சுற்றி நிற்பதால் உள்ளே இருக்கும் தண்ணீர் அசையாமல் கிடக்கும். நீச்சல் தெரியாதவருக்கும் பயம் குறைவு. ஆனால் இந்தியர்களுக்கும் அங்கே போக அனுமதிச் சீட்டு வேண்டும். கொச்சியிலிருந்து கப்பலில் போனால் ஒரு இரவு முழுக்கப் பயணம். பல தீவுகளில் பெரிய கப்பல் கரைக்கு வராது. நடுக்கடலில் நின்றுவிடும், அங்கிருந்து சின்னப் படகில் இறங்க வேண்டும். ஆடுகிற கப்பலிலிருந்து ஆடுகிற படகுக்கு. கை பிடித்து இறக்கிவிட ஆட்கள் இருக்கிறார்கள் என்றாலும், மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள் யோசிக்க வேண்டும். விமானத்தில் அகத்தி வரை போகலாம், அதிலிருந்து அடுத்த தீவுக்கு மறுபடியும் படகு.

மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள். ஒரு தீவு முழுக்க ஒரே ரிசார்ட் என்பதுதான் அங்கே வழக்கம். விசா போய் இறங்கியதும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஆனால் விமான நிலையத்திலிருந்து ரிசார்ட்டுக்கு வேகப்படகு அல்லது கடல் விமானம். அந்தக் கட்டணம் விளம்பரத்தில் பல நேரம் சேர்ந்திருக்காது. கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். மாலையில் போய் இறங்கினால் ஓர் இரவு மாலேயில் தங்க வேண்டியிருக்கும். விலை டாலரில். அதன் மேல் வரி, சேவைக் கட்டணம், இரவுக்கு இவ்வளவு என்று பசுமை வரி. 'மொத்தம் எவ்வளவு, ரூபாயில் எழுதிக் கொடுங்கள்' என்று கேளுங்கள். இன்னொன்று, அந்தத் தீவுக்குள் வேறு கடை கிடையாது. சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் வெளியே நடந்துபோய் இட்லி சாப்பிட முடியாது.

கரீபியனுக்கு இங்கிருந்து நேர் விமானம் இல்லை. லண்டனிலோ அமெரிக்காவிலோ மாற வேண்டும், மாறும் நாட்டின் விசாவும் தேவைப்படலாம். இங்கிருந்து அதற்காகவே கிளம்புவது நம் வயதுக்கு வீண் அலைச்சல். ஆனால் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் ஆறு மாதம் இருக்கிறவர்களுக்கு அது பக்கத்து வீடு. மியாமியிலிருந்து ஜமைக்கா இரண்டு மணி நேரத்துக்குள். அந்த மாணவருக்கு நான் சொன்னது இதுதான்: பெற்றோரின் அமெரிக்க விசாவில் திரும்ப நுழைய அனுமதி இருக்கிறதா என்று முதலில் பார். புயல் மாதத்தைத் தவிர்க்க முடியாவிட்டால் தெற்கே ஒதுங்கியிருக்கும் அரூபாவைப் பார், புயல் பாதை பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. பார்படாஸ் என்றால் மேற்குக் கரையில் ரூம் போடு. கிழக்குக் கரையில் அட்லாண்டிக் அலை மோதும், பார்க்கத்தான் நன்றாக இருக்கும், கால் நனைக்க முடியாது.

பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப், மார்த்தினிக் தீவுகள் பற்றியும் அவரிடம் சொன்னேன். 1850களில் தொடங்கி, புதுச்சேரி, காரைக்கால் வழியாக நம் ஆட்களைக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் கொண்டுபோனார்கள். அங்கே இன்றும் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. தமிழ் பேச்சு போய்விட்டது, அம்மன் போகவில்லை. அந்தத் தீவுகளுக்குப் போகும் தமிழர்கள் ரிசார்ட்டோடு நிற்காமல் அந்தக் கோயிலையும் ஒரு நடை பார்த்துவிட்டு வர வேண்டும்.

*எனக்கு ஏன் அந்தமான்?*

முதல் தடவை தீவுக்குப் போகிற, அறுபது தாண்டிய, நம் பக்கத்து ஆட்களுக்கு என் பரிந்துரை அந்தமான்தான். பாஸ்போர்ட் வேண்டாம், ஆதார் போதும். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள் போர்ட் பிளேர். 2024-ல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஊருக்குள் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. சாப்பாட்டுக்குத் திண்டாட்டம் இல்லை. பெரிய அரசு மருத்துவமனை, ஜி.பி. பந்த் மருத்துவமனை, அங்கேயே இருக்கிறது. 

அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக் தீவுக்கு சுமார் இரண்டு மணி நேரம். 2018-ல் அதற்கு ஸ்வராஜ் தீவு என்றும், அடுத்திருக்கும் நீல் தீவுக்கு ஷஹீத் தீவு என்றும் பெயர் வைத்தார்கள். எல்லோரும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். கப்பல் துறையில் அணைந்து நிற்கும், பலகை வழியாக நடந்து இறங்கலாம்.

ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையை 2004-ல் 'டைம்' பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்தது என்று எழுதியது. மேற்குப் பார்த்தது, சூரியன் கடலில் இறங்குவதைக் காணலாம். ஆனால் பல ரிசார்ட்டுகள் இருப்பது கிழக்கே விஜயநகர் பக்கம். அங்கே விடியல் அழகு, நீர் வற்றும் நேரத்திலோ கடல் வெகுதூரம் உள்வாங்கிப் பாறையும் சேறும் தெரியும். படத்தில் ராதாநகரைப் பார்த்து, ரூமை விஜயநகரில் எடுத்து, "ஏமாத்திட்டான்" என்று திட்டுபவர்கள் உண்டு. யாரும் ஏமாற்றவில்லை, தீவுக்கு இரண்டு பக்கம் உண்டு, அவ்வளவுதான்.

என் ஓட்டு நீல் தீவுக்கு. சின்னது, பெரும்பாலும் சமதரை, கூட்டம் குறைவு. அந்தமானுக்குக் காய்கறி விளைவித்துக் கொடுக்கும் தீவு அது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் தோட்டங்கள். கடற்கரைக்கு நடக்கும் வழியில் கத்தரியும் வெண்டையும். தக்காளி மண்டியைப் பார்த்தே வளர்ந்த எங்கள் நால்வருக்கும் அந்த வழியே பாதி சுற்றுலா. பரத்பூர் கடற்கரையில் தண்ணீர் ஆழமில்லை. கண்ணாடி அடிப்பலகைப் படகில் உட்கார்ந்தபடியே பவளத்தைப் பார்க்கலாம், கடலுக்குள் குதிக்க வேண்டியதில்லை. 

இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள். ஒன்று, அந்தமான் நமக்குக் கிழக்கே வெகுதூரம், ஆனால் கடிகாரம் ஒன்றுதான். அதனால் மாலை 5, 5:30-க்குள் சூரியன் இறங்கிவிடும். "நாலு மணிக்குக் காபி குடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்றால் கடற்கரையில் இருட்டு நிற்கும். இரண்டு, கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அந்த ஏற்ற இறக்கம் அதிகம். அஷ்டமியை ஒட்டிக் குறைவு. லட்சுமண்பூரில் இருக்கும் இயற்கைப் பாறைப் பாலத்தை நீர் வற்றிய நேரத்தில்தான் நடந்துபோய்ப் பார்க்க முடியும். வழி முழுக்கப் பாசி பிடித்த பாறை, வழுக்கும். கல்யாணத்துக்குப் பஞ்சாங்கம் பார்க்கிற நாம், கடலுக்கும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு போகலாம்.

*கடலிடம் மரியாதை*

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் கிணற்றிலும் ஏரியிலும் நீந்துவார்கள், கடல் அப்படியல்ல. கரைக்கு வந்த அலைத்தண்ணீர் ஏதாவது ஒரு குறுகிய இடத்தில் சேர்ந்து வேகமாகத் திரும்பி ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது, பார்க்க அமைதியாகத் தெரியும். பழக்கமில்லாதவர்கள் 'இங்கே அலை இல்லை' என்று அங்கேதான் இறங்குகிறார்கள். இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் இழுப்பு விட்டுவிடும். முழங்கால் அளவுக்கு மேல் போகாமலிருந்தால் இது எதுவுமே தேவைப்படாது. அந்தமானில் உப்புநீர் முதலையும் உண்டு. 2010-ல் ராதாநகர் பக்கம் ஒரு வெளிநாட்டுப் பெண் முதலை தாக்கி இறந்தார். எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில் பேரம் பேசாதீர்கள். 

கடலுக்கடியில் மூழ்கும் ஸ்கூபாவுக்கு முன் உடல்நிலைப் படிவம் கொடுப்பார்கள். ரத்த அழுத்தம், இருதயம், ஆஸ்துமா எதையும் மறைக்காதீர்கள். சங்கு, பவளம் பொறுக்கிப் பையில் போடாதீர்கள், அது சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பிடிப்பார்கள். மணல் ஈ கடிக்கும், முழுக்கை உடையும் தேங்காய் எண்ணெயும் எடுத்துப்போங்கள். மருந்து ஐந்து நாளுக்குப் பதில் எட்டு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சின்னத் தீவுகளில் கையில் ரொக்கம் இருக்கட்டும்.

*இப்போது ரிசார்ட்*

போனில் இவற்றைக் கேளுங்கள்: தரைத்தளத்தில் ரூம் உண்டா? கடற்கரைக்கு எத்தனை படி? நடக்கும் தூரமா, ஆட்டோ பிடிக்க வேண்டுமா? நீர் வற்றும்போது உங்கள் முன்னால் மணலா, பாறையா? குளியலறையில் பிடித்து எழக் கம்பி உண்டா? சைவச் சமையல் தனியா? கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா? காற்றால் கப்பல் ரத்தானால் ரூம் பணத்தைத் திருப்புவார்களா? நீச்சல் குளம் இருக்கிறதா என்று கேட்கவே வேண்டாம். கடலைத் தேடிப் போகிறவர்களுக்குத் தொட்டி எதற்கு? திரும்பும் விமானத்துக்கு முதல் நாளே போர்ட் பிளேர் வந்து தங்கிவிடுங்கள். ஒரு நாள் கப்பல் நின்றாலும் விமானம் தவறாது. அந்த நாளில் செல்லுலார் சிறையைப் பாருங்கள். 1906-ல் கட்டி முடித்த அந்த அறைகளுக்குள் ஒரு நிமிடம் நின்றால், இந்தத் தீவுக்கு விரும்பி வர முடிகிற காலத்தில் நாம் இருக்கிறோம் என்பது புரியும்.

"இந்தக் காசுக்கு ஒரு பவுன் வாங்கிப் பேத்திக்கு வெச்சிருக்கலாமே" என்ற குரல் வரும். எனக்கும் வந்தது. என் பதில் இதுதான். நம் தலைமுறை தம்பி தங்கை படிப்பு, பிள்ளை படிப்பு, கல்யாணம், வீடு என்று எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிட்டது. பவுன் அடுத்த வருடமும் கடையில் இருக்கும். முட்டி அடுத்த வருடம் இதே போல் இருக்கும் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க மாட்டார். கடன் வாங்கிப் போகாதீர்கள், மருத்துவத்துக்கு வைத்த பணத்தைத் தொடாதீர்கள். இவை இரண்டும் இல்லாமல் முடியும் என்றால் தயங்காதீர்கள். 

ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரையும் தேதியையும் நீங்களே முடிவு செய்துவிட்டு "கிளம்பு" என்று சொல்லாதீர்கள். வீட்டில் இருப்பவரிடம், கடலா மலையா, எத்தனை நாள், யார் கூட என்று கேளுங்கள். பலரிடம் இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதே இல்லை. பதில் வர இரண்டு நாள் ஆகலாம், பொறுங்கள்.

ஆடி, ஆவணியில் பேசி முடிவு செய்து டிக்கெட் எடுத்தால், பொங்கல் முடிந்து தை கடைசியிலோ மாசியிலோ போய் வரலாம். கடல் அமைதியாக இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. அந்தமானோ இலங்கையோ லட்சத்தீவோ, போய் வந்தவர்கள் எந்த மாதம், எந்தப் பக்கக் கடற்கரை, எவ்வளவு செலவு என்று கீழே எழுதுங்கள். அடுத்து கிளம்புகிறவர்களுக்கு உதவும்.